எலியா, செல்லா, ரத்தமா? வெட்டுக்காயப் பூண்டை எதில் போட்டுப் பார்ப்பது

சென்ற மாதம் அண்ணன் மகள் போன் செய்தாள். எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு, மருந்தியல் பிரிவு. "அத்தை, ப்ராஜெக்டுக்கு வெட்டுக்காயப் பூண்டு எடுத்திருக்கேன். எலியில எக்சிஷன் மாடல் பண்ணலாம்னு சார் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எலியின் முதுகுப் புண்ணை டிரேசிங் தாளில் வரைந்து, அதை கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் எண்ணியே என் இளவயதில் பாதி போயிருக்கிறது. அந்த எண்கள் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "உங்க ஆத்தா அந்த இலையை எப்போ வெச்சாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். கதிர் அறுக்கும்போது விரலில் அரிவாள் பட்டால், ஆத்தா வரப்பில் குனிந்து நாலு இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பச்சைச் சாற்றை வெட்டின் மேல் பிழிந்து, சக்கையையும் அதன்மேல் வைத்துத் துணியைக் கிழித்துக் கட்டிவிடுவார். எரியும். அப்புறம் ரத்தம் நிற்கும். அவ்வளவுதான். மறுநாள் அந்தத் துணியை அவிழ்த்துப் புதிதாகச் சாறு விட்டதாக எனக்கு நினைவில்லை. பதினாறு நாள் தினமும் களிம்பு தடவியதாகவும் இல்லை. இலையின் வேலை முதல் ஐந்து நிமிடத்தோடு முடிந்தது. நீ சோதிக்கப் போவதோ பதினாறு நாள் கதை.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் பொருத்தமின்மைதான் காரணம். மூலிகையைக் காயத்துக்குச் சோதிக்க அரை டஜன் வழிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. இலை எந்தக் கட்டத்தில் வேலை செய்வதாக ஊர் சொல்கிறதோ, அந்தக் கட்டத்தைப் பார்க்கும் சோதனை எது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

காயம் ஆறுவதை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். முதலில் ரத்தம் உறைவது, இது நிமிடக் கணக்கு. அடுத்து வீக்கம், சில நாட்கள். அதற்குப் பிறகு புதுச்சதை வளர்ந்து மேலே தோல் மூடுவது, வாரக் கணக்கு. கடைசியில் தழும்பு இறுகுவது, இது மாதங்கள் இழுத்து ஒரு வருடத்தையும் தாண்டும். அப்போதும் தழும்பின் பலம் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. நம் பாட்டிமார்கள் இந்தக் கட்டங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கவில்லை. ஆனால் பச்சைக் காயத்துக்கு ஒன்று, சீழ் வைத்த புண்ணுக்கு ஒன்று, ஆறாத ரணத்துக்கு ஒன்று என்று கைவைத்தியத்தைப் பிரித்தே வைத்திருந்தார்கள். ஆறாப் புண்ணுக்கு சித்த மருத்துவத்தில் மத்தன் தைலம். அரிவாள் வெட்டுக்கு அதைத் தேடி யாரும் ஓடுவதில்லை.

எலி

நம் கல்லூரிகளில் அதிகம் நடப்பது இதுதான், அதனால் இதை முதலில் பார்ப்போம்.

எக்சிஷன் மாடல் என்றால், மயக்கம் கொடுத்த எலியின் முதுகில் முடியை மழித்து, சுமார் 500 சதுர மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை வட்டமாக வெட்டி எடுப்பது. 1972இல் மார்ட்டன், மலோன் இருவரும் வெளியிட்ட முறையை ஒட்டித்தான் இன்றும் பெரும்பாலோர் செய்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆறு எலி. ஒரு கூட்டத்துக்கு வெறும் களிம்பு, ஒன்றுக்கு ஃபிராமைசெட்டின் அல்லது போவிடோன் அயோடின் போன்ற வழக்கமான காய மருந்து, மற்றவற்றுக்கு மூலிகைக் களிம்பு இரண்டு மூன்று அளவில். நான்கு நாளைக்கு ஒரு முறை புண்ணின் பரப்பை அளந்து, எத்தனை சதவீதம் சுருங்கியது என்று கணக்கு. பொருக்கு உதிர்ந்து அடியில் பச்சைப் புண் இல்லாத நாள் எது என்றும் குறித்துக்கொள்வார்கள்.

பார்க்க ஒழுங்கான முறை. ஆனால் எலியின் தோலுக்கு அடியில் பன்னிகுலஸ் கார்னோசஸ் என்று ஒரு மெல்லிய தசைத் தகடு உண்டு. எலியின் தோலும் உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருக்கும். வெட்டிய இடத்தை நான்கு பக்கத்திலிருந்தும் இழுத்து, சுருக்குப்பை வாயைப் போல மூடிவிடும். மனிதனுக்கு அந்தத் தகடு கழுத்துப் பகுதியைத் தவிர அநேகமாக இல்லை. நம் காயம் மூடுவது பெரிதும் அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வருவதால். ஆக, எக்சிஷன் மாடலில் நாம் அளக்கும் 'சுருக்கம்' நம் தோலில் சின்னப் பங்கு வகிக்கும் ஒரு வேலை.

இதற்கு மாற்று இருக்கிறது. புண்ணைச் சுற்றி சிலிகான் வளையம் ஒட்டித் தைத்துவிட்டால் தோல் இழுபடாது, மனிதத் தோலைப் போலவே ஆறும். 2004இல் சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளில் இதைச் செய்து காட்டினார்கள். வளையம் கழன்றால் அந்த விலங்கைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருக்கும், எலியோ அதைக் கழற்றவே பிறந்ததுபோல நடந்துகொள்ளும். இருந்தாலும், எலியில்தான் செய்வேன் என்றால் இதைச் செய் என்பேன்.

இன்னொரு எலி முறை எனக்குப் பிடித்தமானது. முதுகெலும்புக்கு இணையாக 6 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, தைத்து, பத்தாவது நாள் அந்தத் தழும்பு எவ்வளவு இழுவையைத் தாங்குகிறது என்று பார்ப்பது. ஒரு பக்கத் தோலை நிலையாகப் பிடித்துக்கொண்டு மறுபக்கக் கொக்கியில் ஒரு குடுவையைத் தொங்கவிட்டு, அதில் தண்ணீரைச் சீராக விடுவார்கள். தழும்பு பிரியும் நொடியில் தண்ணீரை நிறுத்தி எடை போட்டால் அதுதான் தழும்பின் பலம். கண்ணால் பார்த்து 'ஆறிவிட்டது' என்று சொல்லும் வேலை இதில் இல்லை. தழும்புக்குப் பலம் தரும் கொலாஜன் என்ற புரதம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, அதிலுள்ள ஹைட்ராக்ஸிபுரோலின் அளவையும் கூடவே எடுக்கலாம்.

எலியோடு இன்னொரு சிக்கல், அது நல்ல ஆரோக்கியமான எலி. எதுவும் தடவாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் அதன் புண் தானாக மூடிவிடும். மூலிகைக்கு மிஞ்சுவது அதை இரண்டு மூன்று நாள் முந்த வைக்கும் வாய்ப்பு மட்டுமே. ஊரில் நமக்கு மருந்து தேவைப்படுவதோ தானாக ஆறாத புண்ணுக்கு. சர்க்கரை நோயை உண்டாக்கியோ, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தோ புண் ஆறுவதைத் தடுத்துவிட்டுப் பார்ப்பது இதைவிட நேர்மையான கேள்வி. வெட்டுக்காயப் பூண்டையே 1980களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் ஸ்டீராய்டு கொடுத்த எலிகளில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஆகவே அண்ணன் மகள் அதே செடியைச் சாதா எலியில் வைப்பது நாற்பது வருடம் பின்னால் நடப்பது.

அப்புறம் யாரும் பேசாத ஒன்று, நிறம். வெறும் களிம்பு வெள்ளை, மூலிகைக் களிம்பு பச்சை. அளப்பவருக்கு எந்த எலி எந்தக் கூட்டம் என்று முதல் நாளே தெரிந்துவிடும். எங்கள் காலத்தில் இதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, நானும்தான். கண்ட்ரோல், அதாவது ஒப்பீட்டுக்கு வைத்த வெறும் களிம்பிலும் பச்சை நிறம் கலந்திருக்க வேண்டும். படம் எடுத்து, பெயர் மறைத்து, வேறொருவரிடம் அளக்கக் கொடுத்திருக்க வேண்டும். களிம்பின் அடிப்பொருளும் சும்மா இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயை மட்டும் தடவினாலே எலிப் புண் சீக்கிரம் ஆறியதாக ஆய்வுகள் உண்டு. எண்ணெயில் காய்ச்சிய மூலிகையைச் சோதிக்கிறவர்கள் வெறும் எண்ணெயோடு ஒப்பிடாவிட்டால் தென்னை மரத்துக்குக் கிடைக்க வேண்டிய பெயரைச் செடிக்குக் கொடுத்துவிடுவார்கள். மத்தன் தைலத்திலும் இதே முடிச்சுதான். அதில் ஊமத்தை இலைச்சாறு இருக்கிறது, தேங்காய் எண்ணெய் இருக்கிறது, மயில்துத்தமும் இருக்கிறது. அதாவது செம்பு உப்பு. ஆற்றியது யார்?

அனுமதி வாங்கும் வேலையும் உண்டு. 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் குழுவின் விதிகள்படி, கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக்கூடாது. குழு கூடும் தேதிக்குக் காத்திருந்தே பல மாணவர்களுக்கு ஒரு பருவம் கழிந்துவிடும்.

செல்

ஸ்கிராட்ச் அஸ்ஸே பார்க்க அழகாக இருக்கும். தட்டின் அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் எனும், கொலாஜனை உண்டாக்கும் செல்களைப் பாய் விரித்ததுபோல வளர்த்து, பிப்பெட் முனையால் நடுவே ஒரு கோடு கிழிப்பார்கள். அந்த இடைவெளியை 24 மணி நேரத்தில் செல்கள் எவ்வளவு மூடுகின்றன என்று படம் எடுத்து அளந்தால் முடிந்தது. செல்கள் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் கிடைக்கும். விலங்கு அனுமதி வேண்டாம். ஒரே வாரத்தில் பத்துச் சாற்றை ஒப்பிடலாம்.

ஆனால் இந்தக் 'காயத்தில்' ரத்தம் இல்லை, கிருமி இல்லை, வீக்கம் இல்லை. செல் நகர்வது ஒன்றுதான் உண்டு. அதிலும் இடைவெளி மூடியது செல்கள் நகர்ந்ததாலா, பெருகியதாலா என்று பிரிக்க மைட்டோமைசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். பல ஆய்வேடுகளில் அந்த வரியே இருக்காது. வேறு செல் கிடைக்காமல் புற்றுநோய் செல்லில் செய்தவர்களும் உண்டு. புற்றுநோய் செல் வேகமாக ஓடினால் அது நல்ல சேதியா என்று ஒரு முறை வாய்மொழித் தேர்வில் கேட்டேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

முதலில் சாறு எந்த அளவில் செல்லைக் கொல்கிறது என்று பார்க்க எம்.டி.டி. சோதனை செய்வார்கள். எம்.டி.டி. ஒரு மஞ்சள் சாயம், உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள் நிறைந்த சாறு, செல்லே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யை ஊதா நிறமாக மாற்றும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். செல் இல்லாத குழியில் சாற்றை மட்டும் விட்டு ஒரு கண்ட்ரோல் வைத்தால் தப்பிக்கலாம்.

வல்லாரைக்கு நான் இந்தச் சோதனையைச் சொல்வேன். அதன் பெயர் பச்சைக் காயத்துக்கு இல்லை, சதை வளர்வதற்கும் கொலாஜன் சேர்வதற்கும்தான். கேள்வியும் சோதனையும் ஒரே கட்டத்தில் நிற்கின்றன.

கிருமித் தட்டும் முட்டையும்

இவை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகளை வளர்த்த தட்டில் சாறு நனைத்த வில்லையை வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் வெளுக்கிறது என்று அளப்பது மலிவான சோதனை. ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள பொருட்கள் தட்டிலுள்ள அகர் கூழில் சரியாகப் பரவாது, அதனால் வட்டம் சின்னதாக இருப்பதற்கும் மருந்து பலவீனமாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லாமலும் போகலாம். திரவத்தில் கரைத்து, கிருமியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவைப் பார்ப்பது மேல். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் அந்தச் சாற்றைக் கிருமிக்கொல்லி என்று கொண்டாட வேண்டாம். உப்புக்கூட அதிகம் போட்டால் கிருமியை நிறுத்தும். தவிரவும், கிருமியைக் கொல்வது வேறு, காயத்தை ஆற்றுவது வேறு. கிருமியோடு நம் ஃபைப்ரோபிளாஸ்டையும் சேர்த்துக் கொல்லும் கிருமிநாசினிகள் இருக்கின்றன.

கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வில் புது ரத்த நாளம் முளைக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. அடைகாப்புப் பெட்டியும் பொறுமையும் இருந்தால் போதும். கருவில் நாளங்கள் தாமாகவே வேகமாக வளரும் இடம் அது, மூலிகை கொடுத்த கூடுதலைப் பிரித்தெடுப்பது கஷ்டம். ரத்த நாளம் பற்றித் தனிக் கேள்வி இருந்தால் ஒழிய எனக்கு இதில் ஆர்வம் இல்லை.

மனிதர்

எலியில் பலித்தது மனிதரிடம் எவ்வளவு பலிக்கிறது? 2001இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, காய மருந்துகளின் முடிவுகளை மனிதரோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பன்றியில் கிடைத்த முடிவு மனிதரோடு 78 சதவீதம் ஒத்துப்போனது. எலி, முயல் போன்ற சிறு விலங்குகளில் 53. செல் சோதனைகளில் 57. எலி, செல் இரண்டுமே பூவா தலையா போடுவதற்குப் பக்கத்தில்தான். பன்றியின் தோல் நம் தோலைப்போலவே உடம்போடு ஒட்டியிருப்பது முக்கியக் காரணம். நம் கல்லூரிகளில் பன்றிக்கு எங்கே போவது?

சோற்றுக்கற்றாழையைப் பாருங்கள். விலங்கு ஆய்வுகளில் நல்ல பெயர், அழகுக் கடையில் அதைவிட நல்ல பெயர். 1991இல் அமெரிக்காவில், சிசேரியன் அல்லது வயிற்று அறுவைக்குப் பின் தையல் பிரிந்து திறந்தே ஆற வேண்டியிருந்த பெண்களிடம் கற்றாழைக் கூழைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையில் சராசரி 53 நாள். கற்றாழை சேர்த்தவர்களுக்கு 83 நாள். 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 7 ஆய்வுகளை, மொத்தம் 347 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, காயத்துக்குக் கற்றாழை உதவும் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது.

மறுபக்கமும் இருக்கிறது. தைவானில் சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு களிம்பு 2021இல் அனுமதி பெற்றது. அதில் இருப்பவை இரண்டே செடிகள், நம் வீட்டுத் தொட்டியிலிருக்கும் கற்பூரவல்லியும் வாய்க்கால் ஓரத்து வல்லாரையும்! 236 நோயாளிகள், 16 வாரம். களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது. நவீன உறிஞ்சு கட்டுத்துணி மட்டும் போட்டவர்களில் 35.1 சதவீதம்.

இதில் என் கண்ணில் பட்டது அந்த இரண்டாவது எண். மூலிகையே இல்லாமல், ஒழுங்காகக் கழுவிக் கட்டியதிலேயே மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கிறது. நம்மூர் ஆய்வேடுகளில் ஒப்பீட்டுக் கூட்டமே இல்லாமல் இருபது நோயாளிகளுக்குத் தைலம் போட்டு, எட்டுப் பேருக்குக் குணம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த எட்டில் தைலம் ஆற்றியது எத்தனை, தினமும் புண்ணைக் கழுவியதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதும் ஆற்றியது எத்தனை? பிரிக்க வழியே கிடையாது.

ஐரோப்பாவில் பிர்ச் மரப் பட்டையிலிருந்து எடுத்த களிம்பு ஒன்றைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒட்டுத்தோல் எடுத்த இடம் ஒரு பெரிய, சீரான, மேலோட்டமான காயம். அதையே இரண்டாகப் பிரித்து, பாதிக்குக் களிம்பும் கட்டும் போட்டு, மறுபாதிக்கு வெறும் கட்டு மட்டும் போட்டார்கள். ஒரே ஆள், ஒரே வயது, ஒரே சர்க்கரை அளவு, எனவே வேறு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. களிம்பு பக்கம் சுமார் ஒரு நாள் முன்னால் மூடியது. ஒரே ஒரு நாள்! 2016இல் அந்த மருந்துக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. எலியில் ஐந்து நாள் மிச்சம் என்று அறிவிக்கும் நம் கட்டுரைகளோடு இதை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் அடக்கம் வரும்.

மனிதரிடம் சோதிக்க நெறிமுறைக் குழு ஒப்புதலும், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்பதிவும் வேண்டும். சித்த மருத்துவ எம்.டி. மாணவர் ஒருவர், புறநோயாளிப் பிரிவும் நல்ல வழிகாட்டியும் கைவசம் இருந்தால், நேராக இதற்குப் போகலாம். எம்.ஃபார்ம் மாணவிக்கு இது எட்டாது.

ரத்தம்

சரி, வெட்டுக்காயப் பூண்டுக்கு வருவோம். இதன் வேலை ரத்தத்தை நிறுத்துவது என்றால், ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் கலந்து எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, அது உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் நேரம், ஏ.பி.டி.டி. என்ற சோதனைகள் இரண்டையும் சாறோடும் சாறில்லாமலும் பார்ப்பது. எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் உள்ள கருவி போதும். ஒரு மாலையில் முப்பது மாதிரி பார்க்கலாம். மனித ரத்தம் என்பதால் இதற்கும் நெறிமுறைக் குழு உண்டு, ஆனால் தானாக முன்வரும் ஆரோக்கியமான ஒருவரிடம் சில மில்லிலிட்டர் எடுப்பதற்கு ஒப்புதல் வாங்குவது எலி வாங்குவதைவிடச் சுலபம்.

ஆத்தாவின் வைத்தியத்தில் இலையோடு இன்னொன்றும் வேலை செய்தது, அவர் விரல். ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் வெறும் துணியே சின்ன வெட்டில் ரத்தத்தை நிறுத்தும். சோதனைக் குழாயில் அந்த அழுத்தம் இல்லை. இலைக்கு மட்டும் எவ்வளவு பெயர் சேர வேண்டும் என்று அங்கே தெரியும்.

குறையும் இருக்கிறது. துவர்ப்பான எந்தச் சாறும், துவர்ப்பைத் தரும் டானின் காரணமாகப் புரதத்தைத் திரிய வைக்கும். குழாயில் அது உறைந்த ரத்தம் போலவே தெரியும். ஆகவே டானிக் அமிலம் ஒரு கண்ட்ரோல். இன்னொரு சாதா இலையின் சாறும் ஒரு கண்ட்ரோலாக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. நம் ஊரில் மருந்தில்லாத இலையைத் தேடிப் பாருங்கள். அருகம்புல் என்றேன், அதுவே ரத்தம் நிறுத்தும் என்பார்களே என்றாள். கொய்யா? துவர்ப்பு. முருங்கை? கேட்கவே வேண்டாம். கடைசியில் புல்வெளிக்குப் போடும் கொரியன் புல்லில் வந்து நின்றோம். ரத்தக்குழாய் சுருங்குவதையும் இந்தச் சோதனைக் குழாய் காட்டாது. குழாயில் நல்ல முடிவு வந்தால், எலி வாலின் நுனியில் ரத்தம் நிற்கும் நேரத்தை அடுத்த ஆளிடம் விடலாம்.

சாற்றை எப்படி எடுப்பது என்பதிலும் எனக்குப் பிடிவாதம். செடியை உலர்த்திப் பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் விட்டுச் சாறு இறக்குவது கைப்பழக்கம் ஆகிவிட்டது. வரப்பில் யாரும் மெத்தனால் வைத்திருப்பதில்லை. பச்சை இலை, கசக்கல், பிழிதல், ஐந்து நிமிடத்துக்குள் சோதனை. பக்கத்திலேயே மெத்தனால் சாறும் இருக்கட்டும், இரண்டும் ஒரே மாதிரி நடந்தால் அதுவே ஒரு முடிவு. செடியைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகத்தில் அடையாளம் உறுதி செய்து மாதிரி ஒப்படைப்பதை மறக்கக் கூடாது. இந்தச் செடிக்கே கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ, மூக்குத்திப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர். இன்னொரு விஷயம், இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிய செடி. 'ஈராயிரம் ஆண்டு மரபு' என்று முன்னுரையில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வந்த கொஞ்ச காலத்திலேயே நம் ஆட்கள் அதன் பயனைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

செடியை மாற்றலாமா?

கேட்டாள். மூன்றை யோசித்தோம்.

மஞ்சள் வேண்டாம் என்றேன். அதன் புகழ் உலகறிந்தது. காயத்துக்கு மஞ்சள் என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்க, நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953இல் வந்த ஓர் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கு நிரூபித்தது மஞ்சளின் பயன்பாடு புதிதல்ல என்பதை. எவ்வளவு ஆற்றும் என்பதை அல்ல. ஆய்வகத்தில் மஞ்சளைப்போலத் தொல்லை வேறு இல்லை. அதன் நிறம் அளவீடுகளில் குறுக்கிடும், தானாக ஒளிரும், குர்குமின் பல சோதனைகளில் பொய்யான வெற்றி காட்டுவதாக 2017இல் வேதியியலாளர்களே விரிவாக எழுதினார்கள். எந்த எலி மஞ்சள் கூட்டம் என்று மறைக்கவும் முடியாது.

கற்றாழை, மேலே சொன்ன காரணத்தால் வேண்டாம். மனிதரிடமே சந்தேகம் வந்த பிறகு எலிக்குத் திரும்புவதில் அர்த்தமில்லை.

வல்லாரைதான் நிஜப் போட்டி. ஆசியாட்டிகோசைடு என்ற அடையாளப் பொருள் இருப்பதால், சாற்றில் அது எவ்வளவு என்று அளந்து எழுதலாம், அடுத்தவர் அதே சாற்றைத் திரும்பச் செய்யலாம். 1999இல் கினிப்பன்றிக் காயத்தில் 0.2 சதவீத ஆசியாட்டிகோசைடு தடவியபோது ஹைட்ராக்ஸிபுரோலின் 56 சதவீதமும் தழும்பின் பலம் 57 சதவீதமும் கூடியது. கினிப்பன்றியைத் தேர்ந்தது நல்ல யோசனை, ஏனென்றால் நம்மைப் போலவே அதுவும் வைட்டமின் சி தானாகத் தயாரிக்காது. கொலாஜனுக்கு அந்த வைட்டமின் வேண்டும். எலி தயாரித்துக்கொள்ளும். வல்லாரையை எடுத்தால் செல் சோதனை, பிறகு சர்க்கரை நோயுள்ள எலியில் வளையம் வைத்த புண் என்று போகலாம், கையில் இரண்டு வருடமும் நல்ல விலங்குக்கூடமும் இருந்தால். முனைவர் பட்டத்துக்கு அது பொருத்தம்.

அவளிடம் இருப்பது ஒன்பது மாதம். கல்லூரி விலங்குக்கூடத்தில் போன கோடையில் ஏ.சி. பழுதானதாக அவளே சொன்னாள். மயக்கம் கொடுக்கத் தெரிந்த சீனியர் படிப்பு முடித்துப் போய்விட்டார். இந்த நிலையில் என் தேர்வு தெளிவு. செடி வெட்டுக்காயப் பூண்டே இருக்கட்டும். முதன்மைச் சோதனை ரத்தம் உறைதல். கூடவே கிருமிக்கான குறைந்தபட்ச அளவு. நேரம் மிஞ்சினால், அதே சாறு ஃபைப்ரோபிளாஸ்டைக் கொல்கிறதா என்று ஒரு எம்.டி.டி. முப்பது எலிகளை வெட்டி 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று எழுதுவதைவிட, உறைதல் நேரத்தில் வேறுபாடே இல்லை என்று ஒரு எண் கிடைத்தாலும் பரவாயில்லை. ஆத்தாவின் விரலுக்கு உரிய பெயர் விரலுக்குப் போகும்.

"சாருக்குப் பிடிக்காதே அத்தை. எலி இல்லாம ஃபார்மகாலஜியான்னு கேட்பார்."

கேட்கட்டும். விலங்கு நெறிமுறைப் படிவத்தில், விலங்கு இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டு ஒரு இடம் விட்டிருப்பார்கள். அங்கே என்ன எழுதுவது என்று நீயே சாரிடம் கேள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். சார் அரை மனதாகச் சம்மதித்துவிட்டார். இப்போது அவளுக்குப் புதுச் சந்தேகம். ஆத்தா இலையைக் கழுவாமல்தானே கசக்கினார், வரப்பு மண்ணில் டெட்டனஸ் வித்து இருக்குமே, ஆய்வகத்தில் கழுவுவதா வேண்டாமா? நல்ல கேள்வி. ஊசி போட்டுக்கொள்ளாமல் வரப்பு இலையை வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கழுவிய இலை ஒரு கூட்டம், கழுவாத இலை ஒரு கூட்டம், இரண்டு சாற்றிலிருந்தும் ஒரு துளியைத் தட்டில் விட்டு எத்தனை கிருமி முளைக்கிறது என்று எண்ணிவிடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அந்த வரப்பிலிருந்தே இலை பறித்து வரப்போகிறாளாம். ஐஸ் பெட்டி மட்டும் யாரிடம் கடன் வாங்குவது என்று தெரியவில்லையாம்.